மூச்சுக்கு மாற்றுப் பாதை உருவாகிறது என்றால் வென்டிலேட்டரை நிறுத்திவிடலாமா?

தம்பியைக் கவனித்துக்கொள்ளும் அக்கா ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது. ஏழு மாதங்களுக்கு முன் நடந்த விபத்தில் 28 வயதுத் தம்பிக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் சி-4 (நான்காம் கழுத்து) மட்டத்தில் காயம். கீழே உணர்வு கொஞ்சம் தெரிகிறது, அசைவு இல்லை. ‘பி’ வகை என்று மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள். தொண்டையில் துளையிட்டு மூச்சுக்காக வைத்த டிரக்கியாஸ்டமி குழாய். முதல் இரண்டு மாதம் முழுநேரமும் வென்டிலேட்டரில் இருந்தவர், இப்போது பகலில் ஒன்பது மணி நேரம் தானாக மூச்சு விடுகிறார்; இரவில் வென்டிலேட்டர் உண்டு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானம், ஸ்கேனில் வலது பக்கம் நன்றாக அசைகிறது. அசையாமலே கிடந்த இடது பக்கம் போன மாதம் லேசாக அசையத் தொடங்கியிருக்கிறது.

தண்டுவடத்தில் உள்ள ‘இன்டர்நியூரான்கள்’ மூச்சுக்குப் புதிய பாதை போட்டுத் தரும் என்று அக்கா படித்திருக்கிறார். அதிலிருந்து அவருக்குச் சில கேள்விகள். வென்டிலேட்டரை எடுத்துவிட்டால் அந்த நியூரான்கள் கட்டாயத்தால் வேலை செய்யுமா? இரண்டு இரவு எடுத்தும் பார்த்தார்களாம். 2 லிட்டர் ஆக்சிஜனில் ஆக்சிமீட்டர் 95 காட்டியது, காலையில் மட்டும் தலைவலி. ஆக்சிஜனை விட்டுவிட்டுக் குறைத்தால் மூச்சு பலப்படும் என்கிறார்களே, வீட்டில் செய்யலாமா? தசை இறுக்கத்தைத் தளர்த்தத் தரும் பேக்ளோஃபென் மாத்திரை நியூரான்களைத் தூங்கவைக்கிறதா? உட்காரவைத்தால் மூச்சு வாங்குகிறதே, நிலைமை மோசமாகிறதா? சளி உறிஞ்சும்போதும் சிறுநீர்ப்பை நிறையும்போதும் முகம் சிவந்து வியர்க்கிறதே, நரம்பு உயிர் பெறுவதன் அறிகுறியா? கடைசியாக, ஒரு தனியார் மையம் சொல்லும் ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

உங்கள் கடிதத்தில் அளவுகளையும் நேரங்களையும் குறித்து எழுதியது பெரிய உதவி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இரவில் வென்டிலேட்டரை எடுக்கும் சோதனையை இன்றோடு நிறுத்துங்கள். காரணம் கீழே வருகிறது.

நீங்கள் படித்ததில் எது உண்மை

மூச்சின் தாளம் பிறப்பது மூளைத்தண்டில் உள்ள முகுளத்தில். ப்ரீபோட்ஸிங்கர் தொகுதி என்னும் சிறு நியூரான் கூட்டம் அதை எழுப்புகிறது என்று 1991-இல் கண்டறிந்தார்கள். அந்தத் தாளம் தண்டுவடத்தில் இறங்கி, சி-3 முதல் சி-5 வரை வரிசையாக இருக்கும் ஃப்ரீனிக் இயக்க நியூரான்களை எட்டி, அவற்றின் நரம்பு வழியாக உதரவிதானத்தைச் சுருக்குகிறது. விலா இடைத் தசைகளுக்கான நியூரான்கள் மார்புப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கின்றன. இருமலுக்கு வேண்டிய வயிற்றுத் தசைகளுக்கானவை அதன் கீழ்ப்பாதியில்.

இந்த நேர்ப்பாதையைச் சுற்றி, தண்டுவடத்துக்குள்ளேயே தொடங்கித் தண்டுவடத்துக்குள்ளேயே முடியும் செல்கள் ஏராளம். இவைதான் நீங்கள் படித்த இன்டர்நியூரான்கள், தமிழில் இடைநியூரான்கள். சில தூண்டும், சில அடக்கும். சில ஒரே பக்கத்தில் மேலும் கீழும் போகும், சில நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகும். கழுத்துத் தண்டுவடத்தின் நடுப்பகுதியில் உள்ள தூண்டும் வகை இடைநியூரான்களைப் பற்றி 2018-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் எலி ஆய்வு வந்தது. ஆரோக்கியமான எலி மூச்சுவிட அவை அவசியம் இல்லை. ஆனால் தண்டுவடம் காயப்பட்ட எலி மூச்சைத் தக்கவைக்க அவை இல்லாமல் முடியவில்லை. அவற்றைத் தூண்டிவிட்டபோது காயத்துக்குப் பிந்தைய மூச்சும் மேம்பட்டது. சாதாரண நாளில் ஒதுங்கி நிற்பவை, அடிபட்ட பிறகு தாங்கிப் பிடிக்கின்றன.

இன்னும் பழைய சான்று 1895-இல் இருந்து. வில்லியம் டவுன்சென்ட் போர்ட்டர் விலங்குகளின் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரு பாதியை மட்டும் வெட்டினார். அந்தப் பக்க உதரவிதானம் நின்றது. பிறகு மறுபக்க ஃப்ரீனிக் நரம்பையும் வெட்டினார். மூச்சு முழுதாக நிற்க வேண்டிய அந்த நொடியில், செயலிழந்து கிடந்த பக்கம் அசையத் தொடங்கியது. நடுக்கோட்டைத் தாண்டும் உறங்குபாதை ஒன்று முன்பே இருந்திருக்கிறது. அதனால் உங்கள் தம்பியின் இடது பக்கம் அசையத் தொடங்கியதற்கு மாற்றுப் பாதை ஒரு காரணமாக இருக்கலாம் என்ற உங்கள் ஊகம் அர்த்தமுள்ளதே.

ஆனால் அது ஒன்றே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீக்கம் வடிந்து, அறுபடாமல் முடங்கியிருந்த நரம்பிழைகள் மீண்டிருக்கலாம். பயிற்சியால் தசை வலுத்திருக்கலாம். இன்னொன்று பலரும் கவனிக்காதது: காயம் பட்ட புதிதில் விலா இடைத் தசைகள் தொளதொளவென்று இருப்பதால், உதரவிதானம் இழுக்கும்போது மேல் மார்பு உள்ளே குழியும்; இழுத்த காற்றில் ஒரு பங்கு அதிலேயே வீணாகும். சில வாரங்களில் அந்தத் தசைகள் இறுகி மார்புக்கூடு விறைத்துக்கொள்கிறது, குழிவது குறைகிறது. முதல் சில மாதங்களில் மூச்சுக் கொள்ளளவு (ஆழமாக இழுத்து முழுதாக விடும் காற்றின் அளவு) கணிசமாகக் கூடுவதில் இதற்கும் பங்கு உண்டு. இதில் புதிய பாதை எதுவும் இல்லை.

சி-4 காயத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. காயம் விழுந்த இடமே ஃப்ரீனிக் இயக்க நியூரான்கள் குடியிருக்கும் இடம். மூச்சுக்கான கட்டளை ஒரு தபால்போலச் சுற்றுவழியாக வந்து சேர்ந்தாலும் வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே. இடது பக்க இயக்க நியூரான்களில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே எல்லாம். கழுத்தில் மின்தூண்டல் கொடுத்துச் செய்யும் ஃப்ரீனிக் நரம்புக் கடத்தல் சோதனையும், உதரவிதானத்தின் தடிப்பு மாறுவதை அளக்கும் அல்ட்ராசவுண்டும் இதைக் காட்டும். இரண்டும் செய்யப்பட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பின்னாளில் உதரவிதானத்துக்குப் பேசர் (மின்தூண்டலால் அதைச் சுருக்கும் கருவி) வைக்கலாமா என்ற கேள்வி வந்தாலும் இதே சோதனைதான் பதில் சொல்லும். நரம்பு பிழைத்திராவிட்டால் பேசர் பயன்படாது.

இரவு ஏன் வேறு, ஆக்சிமீட்டர் எதைச் சொல்லவில்லை

விழித்திருக்கும்போது உங்கள் தம்பி உதரவிதானத்தால் மட்டும் மூச்சு விடவில்லை. கழுத்தின் பக்கத் தசைகளும் தோள் தசைகளும் கைகொடுக்கின்றன. அவற்றுக்கான நரம்புகள் காயத்துக்கு மேலிருந்து கிளம்புகின்றன. பகலில் அவர் கழுத்தைப் பாருங்கள், ஒவ்வொரு மூச்சிலும் அந்த நாண்கள் புடைத்து எழும். கனவு வரும் உறக்க நிலையில் இந்தத் தசைகள் எல்லாம் தளர்ந்துவிடும். மிஞ்சுவது உதரவிதானம் மட்டும்; அவருக்கு அதிலும் ஒரு பாதிதான் நம்பகமானது. பகலில் ஒன்பது மணி நேரம் தாங்குபவர் இரவில் இரண்டு மணி நேரம் தாங்காமல் போவது இதனால்தான்.

ஆக்சிமீட்டர் 95 காட்டியதே என்பீர்கள். அது ஆக்சிஜனை அளக்கிறது, மூச்சை அளக்கவில்லை. குழாய்வழி ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு மேலோட்டமாகிக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தேங்கினாலும் அந்த எண் இறங்காது. காலைத் தலைவலி அந்தத் தேக்கத்தின் அடையாளமாக இருக்கக் கூடியது. பகலில் தூங்கி வழிவது, குழப்பமான பேச்சு, கெட்ட கனவுகள் ஆகியவையும் அந்த வரிசையில் சேரும். தேக்கம் கூடினால் மயக்கம், பிறகு மூச்சு நிற்றல். வென்டிலேட்டருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் மாற்று ஆகாது. இரத்த வாயுச் சோதனையோ இரவு முழுக்கக் கார்பன் டை ஆக்சைடைப் பதியும் கருவியோ சொல்லட்டும். கார்பன் டை ஆக்சைடு 45 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குக் கீழேயே நிற்கிறது என்று கண்ட பிறகு, மருத்துவர் கண்காணிப்பில் இரவைக் குறைக்கலாம். பகல் முழுவதும் விடுபட்ட பிறகு இரவைத் தொடுவதுதான் வழக்கமான வரிசை.

வென்டிலேட்டர் நியூரான்களைச் சோம்பேறியாக்கும் என்ற உங்கள் பயத்தில் ஓர் உண்மை உண்டு: எப்போதும் இயந்திரத்தையே நம்பி இருந்தால் உதரவிதானம் மெலியும். ஆனால் அதற்கு மருந்து பகல் பயிற்சி. இரவு ஓய்வு அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி. களைத்துப்போன தசை மறுநாள் பின்வாங்கும். ஒரு கெட்ட இரவு ஒரு வார முன்னேற்றத்தை அழித்துவிடுவது உண்டு.

ஆக்சிஜனைக் குறைத்துப் பயிற்சி: வீட்டில் கூடாது

நீங்கள் கேள்விப்பட்டது உண்மையான ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் முகமூடி வழியாக ஏறத்தாழ 9 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றை ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் வரை கொடுத்து, உடனே சாதாரணக் காற்றுக்கு மாற்றி, இப்படிச் சுமார் 15 முறை செய்கிறார்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். இந்தக் குறுகிய அதிர்ச்சிகள் தண்டுவடத்தில் செரட்டோனினை வெளியிடவைத்து, பி.டி.என்.எஃப் என்ற புரதத்தைக் கூட்டி, இயக்க நியூரான்களுக்கு வரும் இணைப்புகளை வலுப்படுத்துகின்றன. பகுதிக் காயம் உள்ளவர்களிடம் நடையிலும் கைவலுவிலும் முன்னேற்றம் பதிவாகியிருக்கிறது.

இதில் நன்மைக்கும் தீமைக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. குறுகியதும் மிதமானதும் உதவும். நீண்டதும் கடுமையானதும் அழற்சியைக் கிளப்பும். எலிகளில் லேசான அழற்சி இருந்தாலே இந்த வலுப்படுதல் நடப்பதில்லை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கு இரவெல்லாம் ஆக்சிஜன் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்களுக்குப் பலம் கூடுவதில்லை, இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும்தான் வருகின்றன. இரவில் வென்டிலேட்டர் தேவைப்படும் ஒருவருக்குக் குழாயை மூடியோ இயந்திரத்தை நிறுத்தியோ செய்யும் ‘பயிற்சி’ ஆய்வு முறையின் நகல்கூட ஆகாது. அதில் ஆக்சிஜன் குறைவதோடு கார்பன் டை ஆக்சைடும் ஏறுகிறது, நிறுத்த வேண்டிய எல்லையும் தெரியாது.

நியூரான்களைத் தூண்ட வீட்டிலேயே ஆபத்தில்லாத வழி இருக்கிறது: எதிர்ப்புக் கொடுக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவி. அவர் உச்சமாக இழுக்கும் அழுத்தத்தை முதலில் அளந்து, அதில் 30 சதவீதத்தில் தொடங்கி, நாளுக்கு 15 நிமிடம் இரண்டு வேளை, வாரத்தில் ஐந்து நாள் என்று வைக்கலாம். டிரக்கியாஸ்டமி குழாயில் பொருத்த இணைப்பான் தேவைப்படும். பிசியோதெரபிஸ்ட் முதல் வாரம் உடனிருந்து பழக்கட்டும்.

பேக்ளோஃபென், முகச் சிவப்பு, இறுக்கம்

உங்கள் வாதத்துக்கு ஆய்வுலகில் ஓர் ஆதாரம்கூட உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடக்கும் சமிக்ஞைகளை மருந்தால் தடுத்தபோது, மேல் கழுத்தில் காயப்பட்ட எலிகளில் உறங்கிக் கிடந்த இடைநியூரான் வலை விழித்து உதரவிதானத்தை அசைத்ததாக 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. பேக்ளோஃபென் அடக்கும் பக்கம் நின்று வேலை செய்யும் மருந்து. அப்படியானால் அதை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். ஆனால் அடக்கும் சமிக்ஞையை மொத்தமாகத் தடுத்தால் மனிதருக்கு வருவது வலிப்பு. பேக்ளோஃபெனைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு, மாயத்தோற்றம், கடும் காய்ச்சல், அளவுகடந்த தசை இறுக்கம் வரலாம், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்கில் படிப்படியாகத்தான்.

மறுபக்கமும் உண்டு. அளவு கூடினால் இந்த மருந்து தூக்கத்தைக் கூட்டி மூச்சைக் குறைக்கும். அதனால் இரவு மாத்திரையின் அளவு சரிதானா என்பதைக் காலைத் தலைவலியோடு சேர்த்து மருத்துவரிடம் கேளுங்கள்.

முகம் சிவந்து வியர்ப்பதைப் பற்றி எழுதினீர்கள். அது நல்ல அறிகுறி இல்லை. காயத்துக்குக் கீழே இடைநியூரான்கள் புதிய இணைப்புகள் போடும்போது நமக்கு வேண்டியதை மட்டும் போடுவதில்லை. நிறைந்த சிறுநீர்ப்பையின் சமிக்ஞை மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றுகிறது. மார்பு 6-ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு இது வரலாம். இவர்களுக்குச் சாதாரண மேல் அழுத்தமே (இரண்டு எண்களில் பெரியது) 90–100 என்ற அளவில் இருக்கும். அதனால் 130 என்பதுகூட அபாயமாக இருக்கலாம். அப்படி வந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள், வயிற்றுப் பட்டையையும் இறுக்கமான உடையையும் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா பாருங்கள், பிறகு மலச்சிக்கலையும் படுக்கைப் புண்ணையும் பாருங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்தத்தை அளவிடுங்கள். காரணத்தை நீக்கியும் இறங்காவிட்டால் அவசரச் சிகிச்சை. காத்திருந்தால் மூளையில் இரத்தக் கசிவு வரை போகும்.

சளி உறிஞ்சும்போது நேர்மாறாக நாடித்துடிப்பு சட்டென்று குறைவதும் உண்டு. உறிஞ்சும் முன் ஆக்சிஜன் கொடுங்கள். ஒரு முறைக்கு 10–15 நொடிக்கு மேல் குழாயை உள்ளே வைக்காதீர்கள்.

உட்கார்ந்தால் மூச்சு வாங்குவது

மூச்சுக் கொள்ளளவு படுத்திருக்கும்போது 1,150 மி.லி., உட்காரும்போது 900 மி.லி. என்று குறித்திருக்கிறீர்கள். கழுத்துத் தண்டுவடக் காயத்தில் இது எதிர்பார்க்கக்கூடியதே. வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் உட்கார்ந்ததும் குடல் முன்னால் சரிந்து, உதரவிதானம் தாழ்ந்து தட்டையாகிறது. தட்டையான தசை இழுக்க இடமின்றித் திணறும். படுத்தால் வயிறு அதை மேலே தள்ளிக் குவிந்த நிலையில் வைக்கிறது. வயிற்றுப் பட்டையைக் கீழ் விலா எலும்புகள் மூடாதபடி, இடுப்பெலும்புக்கு மேல் கட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி குறைவதைக் காண்பீர்கள். வென்டிலேட்டர் இல்லாத நேரத்தைக் கூட்டும் பயிற்சியைப் படுத்த நிலையில் தொடங்குவதும் இதனால்தான்.

ஸ்டெம் செல் ஊசி

வி2ஏ என்ற வகை இடைநியூரான்களை வளர்த்து எலிகளின் தண்டுவடத்தில் பதித்து, உதரவிதானம் மேம்படுவதைக் கண்டிருக்கிறார்கள். அந்த மையம் உங்களிடம் சொல்வது அது இல்லை. ‘ஸ்டெம் செல்’ என்ற பெயரில் முதுகில் போடப்படும் எலும்பு மஜ்ஜைச் செல்கள் இடைநியூரான்களாக மாறி மூச்சுப் பாதை அமைத்ததாகச் சான்று இல்லை. ஆபத்துக்கோ சான்று உண்டு: மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த செல்களைத் தண்டுவடத்தில் பதித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, எட்டு ஆண்டு கழித்து அங்கேயே கட்டி வளர்ந்ததை 2014-இல் மருத்துவ இதழில் பதிந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பின்னாளில் நடக்கும் முறையான ஆய்வுகளில் சேர்க்க மறுப்பதும் உண்டு.

அந்த மையத்திடம் மூன்றைக் கேளுங்கள். ஆய்வு பொதுப் பதிவேட்டில் எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் எங்கே? ஆய்வு என்றால் ஏன் பணம் கேட்கிறீர்கள்? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். கடன் வாங்கிக் கட்டத் தயாராக இருப்பதாக எழுதிய பணத்தில், கீழே சொல்லும் இருமல் கருவி வாங்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது

இவர் நிலையில் உள்ளவர்களை அதிகம் வீழ்த்துவது நிமோனியா. இடது உதரவிதானம் முழுதாக மீண்டாலும் வயிற்றுத் தசை இல்லாமல் இருமல் வராது; சளி தேங்கினால் அடிநுரையீரல் சுருங்கி, பெற்ற கொள்ளளவும் போய்விடும். மேலே சொன்ன எலி ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் தொற்றும் அழற்சியும் நரம்பின் மீட்சிக்கே இடையூறாகலாம்.

காற்றை உள்ளே அழுத்தி உடனே வெளியே இழுக்கும் இருமல் உதவிக் கருவியைக் குழாயின் கஃப்பை (குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனை) ஊதிவைத்துப் பயன்படுத்துங்கள். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, பொதுவாகக் கூட்டல் 40, கழித்தல் 40 செ.மீ. நீர் அழுத்தம் வரை போக வேண்டியிருக்கும். நான்கைந்து மூச்சு ஒரு சுற்று, நான்கைந்து சுற்று, காலையும் மாலையும், சளி அதிகமானால் கூடுதலாக. கருவி கிடைக்கும் வரை கையால் செய்யலாம்: தொப்புளுக்கு மேல், நெஞ்செலும்பின் நுனிக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, அவர் இரும முயலும் அதே நொடியில் உள்ளும் மேலுமாகத் தள்ள வேண்டும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். விலா முறிவு இருந்தாலோ, வயிற்றுப் பெருஞ்சிரையில் இரத்தக் கட்டியைத் தடுக்கும் ஃபில்டர் வைத்திருந்தாலோ கூடாது.

பகல் நேரத்தைக் கூட்டும்போது, வென்டிலேட்டரை எடுக்கும் முன்பும் மீண்டும் மாட்டும் முன்பும் மூச்சுக் கொள்ளளவை அளந்து குறியுங்கள். முடிவில் உள்ள எண் தொடக்க எண்ணில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மறுநாள் நேரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். குறைந்தால் அதே நேரத்தில் நில்லுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 92-க்குக் கீழே போனாலோ, பேச்சு துண்டு துண்டாக வந்தாலோ நேரம் முடியும் வரை காத்திருக்காமல் மாட்டிவிடுங்கள். காய்ச்சலோ சளியோ உள்ள நாட்களில் கூட்ட வேண்டாம்.

நரம்பு மீட்சி வேகமாக இருப்பது முதல் ஆறு மாதங்களில்; அதற்குப் பிறகு மெதுவாக ஒன்றரை, இரண்டு ஆண்டு வரை தொடரலாம். ஏழாம் மாதத்தில் இடது பக்கம் அசையத் தொடங்கியிருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டில் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அடுத்த சந்திப்புக்கு முன் இரவு நேரக் கார்பன் டை ஆக்சைடு பதிவையும் ஃப்ரீனிக் நரம்புச் சோதனையையும் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கிடையில் காலைத் தலைவலி வென்டிலேட்டர் போட்ட இரவுகளிலும் வந்தால் காத்திருக்க வேண்டாம். இயந்திரம் தரும் காற்றின் அளவோ கஃப் கசிவோ சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம், அன்றே அழைத்துப் போங்கள்.